பழைய சாமானில் நாலு காசு பார்க்கலாம், ஆனா உஷார்!

திருவையாறு,

பரணில் தூங்கும் தையல் மிஷின், பித்தளை அண்டா, பழைய செல்போன். இவற்றை வாங்கி விற்க இப்போது கடை தேவையில்லை. ஓ.எல்.எக்ஸ்., பேஸ்புக்கில் படம் போட்டால் ஆள் தேடி வரும். திருவையாறு வீட்டில் இருந்தபடியே தஞ்சாவூர்காரரிடம் விற்கலாம்.

முதலில் சொந்த சாமானை விற்று பழகணும். பகல் வெளிச்சத்தில் படம் எடுக்கணும். கீறல், ரிப்பேர் இருந்தால் மறைக்கக்கூடாது. வண்டி வாடகையை கணக்கில் சேர்த்த பிறகே விலை சொல்லணும். இல்லாவிட்டால் கைக்காசு போகும்.

திருட்டு போனா?

செல்போன் வாங்கும் முன் பில் கேளுங்க. *#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அதை சரிபார்க்கலாம். திருட்டுப் பொருள் என தெரிந்தே வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவுப்படி 3 ஆண்டு வரை ஜெயில்.

சிலையா? தொடாதீங்க

டெல்டா கிராமங்களில் பழைய சாமி சிலைகளும் விலைக்கு வரலாம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலைகளை லைசென்சு இல்லாமல் வியாபாரம் செய்ய 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது.

"பணம் அனுப்புறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பது மோசடி பேச்சு. பணம் வாங்க பின் நம்பர் வேண்டியதே இல்லை. போட்டால் நம்ம பணம்தான் போகும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யணும்.