படகுக்கும் விமானத்துக்கும் ஒரே அளவுகோல்

தம்பி தங்கைகளே, பொம்மையார்பாளையம் கடற்கரைக்கு வாருங்கள். மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகில் சின்னதாக ஒரு ஜிபிஎஸ் பெட்டி இருக்கும். கடலுக்குள் வெகுதூரம் போன மீனவர் கரைக்குத் திரும்ப அது காட்டும் எண்கள்தான் வழி. அட்சரேகை, தீர்க்கரேகை என்று பள்ளியில் படித்தீர்களே, அந்த எண்கள்!

இங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையம். 2024 டிசம்பர் 20 முதல் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் அங்கிருந்து மறுபடியும் விமானம் போகிறது. ஓடுபாதை 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. அதனால் இறக்கையில் இரண்டு விசிறிகள் சுழலும் ஏடிஆர் வருகிறது. அதன் விமானிக்கும் வழிகாட்டுவது அதே ரேகைகள்தான்.

ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு கலை. வடக்கு தெற்காக ஒரு கலை நகர்ந்தால் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். படகும் விமானமும் கடல் மைலில்தான் தூரம் அளக்கின்றன. அறுபது கடல் மைல் சேர்ந்தால் ஒரு பாகை, சுமார் 111 கிலோமீட்டர். கிழக்கு மேற்கில் மட்டும் கொஞ்சம் குறையும். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகின்றன அல்லவா? நம் பக்கத்தில் ஒரு பாகை 109 கிலோமீட்டர் அளவில் இருக்கும்.

இப்போது ஒரு குச்சியை எடுத்து மணலில் கணக்குப் போடுவோம். லாஸ்பேட்டை 11.97 வடக்கு, 79.81 கிழக்கு. பெங்களூரு விமான நிலையம் 13.20 வடக்கு, 77.71 கிழக்கு. வடக்கே 1.23 பாகை, 137 கிலோமீட்டர். மேற்கே 2.10 பாகை, 229 கிலோமீட்டர். இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக வையுங்கள். பிதாகரஸ் சொன்னபடி கர்ணம் சுமார் 267 கிலோமீட்டர். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று சாலையில் வளைந்து போனால் 300-ஐத் தாண்டிவிடும்.

ஏடிஆர் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அப்படியானால் பெங்களூரிலிருந்து 32 நிமிடத்தில் இங்கே வந்துவிட வேண்டுமே? அட்டவணையிலோ ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மிச்சமிருக்கும் முக்கால் மணி எங்கே போனது?

ஹைதராபாத்தைப் பாருங்கள். அது சுமார் 600 கிலோமீட்டர், பெங்களூரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் பயணமோ ஒன்றேமுக்கால் மணிதான். பறக்க 72 நிமிடம் போக, அங்கேயும் அரை மணிக்கு மேல் மிஞ்சுகிறது. ஊர் கிட்டே இருந்தாலும் தள்ளி இருந்தாலும் இந்த நேரம் பெரிதாக மாறுவதில்லை. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மெதுவாக மேலேறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது, காற்றை எதிர்கொள்ளும் பக்கமாகச் சுற்றி வருவது, பெரிய நிலையத்தில் முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். படகும் அப்படித்தானே? வலைபோடும் இடம் பக்கத்திலேயே இருந்தாலும், படகைத் தள்ளி அலையைத் தாண்டும் வேலை குறைவதில்லை.

அடுத்த முறை கரைக்கு வரும்போது, அன்றைக்கு வலைபோட்ட இடத்தின் எண்களைப் படகுக்கார மாமாவிடம் கேட்டு வாங்குங்கள். குச்சியும் மணலும் அங்கேயே இருக்கின்றன.