நிலைகொள்ளாத காற்று-பெட்ரோல் விகிதம்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கங்களில் காய்கறியும் வாழைத்தாரும் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் சிறு பெட்ரோல் வண்டிகள் பல உள்ளன. இவற்றுள் புதியனவற்றில் கார்புரேட்டர் கிடையாது. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டுமென்பதைக் கம்ப்யூட்டரே நிர்ணயிக்கிறது. வண்டி பாரத்தோடு இழுக்காமலும், நின்றவிடத்தில் விட்டுவிட்டு உறுமியும் தொந்தரவு கொடுத்தால், உடனே கம்ப்யூட்டரிலுள்ள பெட்ரோல் அட்டவணையைத் திருத்த முற்படுவோர் உண்டு. மீட்டர் காட்டும் அளவு மெய்யானதா என்று சோதியாமல் இவ்வாறு செய்வது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிவதற்கு எடைப்படி சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று மிகுந்தால் 'லீன்' என்றும், பெட்ரோல் மிகுந்தால் 'ரிச்' என்றும் பட்டறைகளில் வழங்குவர். பாரம் இழுக்கையில் மிகவும் லீனாக ஓடினால் பிஸ்டன் ஓட்டை விழவும் கூடும்; ரிச்சாக ஓடினால் பிளக்கில் கரி படிந்து பெட்ரோலும் வீணாகும்.

இவ்விகிதத்தை அறிவிப்பது புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சார் ஆகும். ஜிர்கோனியா என்னும் பீங்கான் போன்ற பொருளாலான இச்சிறு கலம், ஒருபுறம் வெளிக்காற்றையும் மறுபுறம் புகையையும் கொண்டு, இரண்டிலுமுள்ள பிராணவாயுவின் வேற்றுமைக்கேற்ப மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. 1976ல் வால்வோ கார்களில் முதன்முதலாகப் புகுந்த சாதனம் இது. 1948ல் அஸ்திவாரமிடப்பெற்று 1953ல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் தம் ஊரிலேயே இருப்பதால், இத்தகைய மின்கலங்களின் சாஸ்திரம் காரைக்குடிவாசிகளுக்குப் பெயரளவிலாவது பழக்கமானதே.

முக்கியமாகக் கவனிக்கத்தக்கது யாதெனில், இந்தச் சென்சார் பெட்ரோலை அளப்பதே இல்லை. எரிந்தபின் மீந்த பிராணவாயுவை மட்டுமே அறியும். வடிகாலில் நின்றுகொண்டு, கண்மாய் மடையில் எவ்வளவு நீர் விட்டார்கள் என்று கணிப்பதைப் போன்றது இதன் வேலை. இடையில் பக்கத்து வயலின் வரப்பு உடைந்தால் கணக்குத் தவறிவிடும் அல்லவா?

பிளக் ஒன்று தீப்பொறி விடாமல் தவறும்போது நிகழ்வது இதுவே. அந்த ஸிலிண்டரிலுள்ள பெட்ரோலும் காற்றும் எரியாமலே வெளியேறுகின்றன. பெட்ரோல் ஏராளமாக இருந்தும், மீந்த பிராணவாயுவைக் கண்ட சென்சார் 'லீன்' என்கிறது. அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் மேலும் நனைகிறது; மீட்டர் மேலும் லீன் காட்டுகிறது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் சென்று எரிந்து, விலையுயர்ந்த அவ்வுறுப்பை உருக்கிவிடும். பிளக்கும் காயிலும் இவற்றைக் காட்டிலும் மிக மலிவானவை. ஆகையால் முதலில் அவற்றையே பார்த்தல் வேண்டும்.

அடுத்தது சென்சாருக்கு முன்னுள்ள புகைக்குழாய் இணைப்பு. காஸ்கெட்டில் சிறு கசிவிருந்தாலும், புகைத் துடிப்புகளுக்கு இடையில் வெளிக்காற்று உள்ளிழுக்கப்படும். நின்ற ஓட்டத்தில் லீனாகவும் பாரத்தில் சரியாகவும் காட்டுமாயின் இக்கசிவையோ, உட்காற்றுப் பக்கத்து ரப்பர்க்குழாய் வெடிப்பையோ சந்தேகிக்கலாம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஓட்டி இணைப்பருகே காதுகொடுத்தால் சீறல் கேட்கும். கருமைத் தடமும் காணும். இதற்கு மாறாக, நின்ற ஓட்டத்தில் சரியாக இருந்து பாரத்தில் மட்டும் லீனானால் பெட்ரோல் பில்டர் அடைப்போ பம்பின் தளர்ச்சியோ காரணமாகலாம். அழுத்த மீட்டரை வைத்து அறிதல் வேண்டும்.

விளக்கைப் போட்டதும் அளவு மாறினால் குற்றம் மின்சாரத்தில் உள்ளது. 0 முதல் 5 வோல்ட்டுக்கு 10 முதல் 20 வரையிலான விகிதத்தைக் காட்டும் மீட்டரில், எர்த்துக் கம்பியில் 0.1 வோல்ட் இழப்பு ஏற்பட்டாலே 0.2 அளவுக்குப் பிழை வரும். சென்சார்ப் பெட்டியின் எர்த்தும் கம்ப்யூட்டரின் எர்த்தும் ஒரே இடத்தில் சேர்வது நலம். பாட்டரி அழுத்தம் குறைந்தால் இன்ஜெக்டர் தாமதித்துத் திறந்து பெட்ரோல் குறைவதும் உண்டு. நெல்மூட்டைகளருகே நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த கம்பிகளையும் தேடவேண்டும்.

சாதாரணச் சென்சாரின் அழுத்தம் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாது ஊசலாடுவது நோயன்று. கம்ப்யூட்டர் கூட்டியும் குறைத்தும் சரிபார்ப்பதன் அடையாளமே அது. இதைக் கண்டு நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்தவர்களும் உளர்.

இனி எத்தனால். கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கும் இச்சாராயத்தை 20 சதவிகிதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. எத்தனாலிலேயே பிராணவாயு இருப்பதால் இக்கலவைக்குச் சுமார் 13.5 பங்கு காற்றே போதும். ஆயினும், பெட்ரோல் கணக்கில் பிரிக்கப்பட்ட மீட்டர், கலவை சரியாக எரியும்போதும் 14.7 என்றே காட்டும். மீட்டரில் 13.5 வரும்வரை பெட்ரோலைக் கூட்டினால், எஞ்சின் தேவைக்குமேல் சுமார் 9 சதவிகிதம் ரிச்சாக ஓடும்.

இவையாவும் செம்மையாக இருந்தும் பிழை நீடித்தால் மட்டுமே அட்டவணையில் கைவைக்கலாம். அப்போதும் ஒரு தடவைக்கு 2 அல்லது 3 சதவிகிதத்துக்கு மேல் மாற்றலாகாது. முன்னதாக, மூல அட்டவணையின் பிரதியைப் பட்டறைக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்க; தர மறுப்பவரிடம் வண்டியை விடாதிருத்தல் உசிதம்.