வீட்டுக்காரர் கேட்ட சான்று

ஊர் புதிது, மொழி புதிது, கையில் இருந்ததோ ஒரு வேலை மட்டுமே. அந்நிலையில் வீடு தேடி அலைந்தவன் நான். படிப்பு முடிந்ததும் வெளிமாநிலம் செல்லவிருக்கும் மாணவ நண்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்று அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

புனேயிலிருந்து லோணாவளா செல்லும் உள்ளூர் ரயில் நிற்கும் ஊர் தளேகாவ். 1908-இல் பைசா நிதிக் கண்ணாடித் தொழிற்சாலை தோன்றிய இவ்வூர், இன்று தொழிற்பேட்டையால் பெயர் பெற்றிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2008-இல் இங்குத் தொடங்கிய கார்த் தொழிற்சாலை 2020-இல் உற்பத்தியை நிறுத்தியது. 2023-இல் அதனை வாங்க ஹூண்டாய் ஒப்பந்தம் செய்தது. ஆலை நின்றால் குடியிருப்போர் கலைவர், வாடகையும் நிற்கும். ஆகவே, வீட்டுக்காரர் முதலில் கேட்பது பெயரையன்று, வருமானச் சான்றை!

மேற்படிப்புக்கு இங்கு வருமுன் நான் அங்கே ஓர் ஆலையில் வேலை பார்த்தேன். இரண்டு மாதம் ‘காட் பேசிஸ்’ என்னும் கட்டில் வாடகையில் காலந்தள்ளினேன். தந்தையார் மறைந்தபின் ஊரில் தனித்திருந்த அம்மாவை அழைத்துக்கொள்ளவே வீடு தேடினேன். ஒரு வீடு அமைந்தது. அதன் உரிமையாளரை எல்லோரும் போல் நானும் ‘காகா’ என்றே அழைத்தேன். அவர் ஆலைக்குத் தொலைபேசியில் கேட்டார். “அப்பெயரில் எங்களிடம் யாரும் இல்லை” என்று விடை வந்தது!

பொய் சொன்னது யார்? ஒருவரும் இல்லை. நான் உழைத்தது ஆலையில்; என் முதலாளியோ ஆள் அமர்த்தும் ஒப்பந்தக்காரர். ஆலையின் ஏட்டில் என் பெயர் எப்படி இருக்கும்? இது எனக்கே அன்றுதான் விளங்கிற்று. “பேட்டா, உன்னைத் தெரியாதென்கிறார்களே!” என்று காகா கேட்டபோது கூசிப்போனேன்.

தரகர் ஒரு வழி சொன்னார். ஐந்நூறு ரூபாய் தந்தால் ஆலையின் பெயரிலேயே சம்பளச் சீட்டு அச்சடித்துத் தருவாராம். ஓர் இரவு முழுதும் என் மனம் ஊசலாடியது உண்மை. ஆனால் போலி ஆவணம் குற்றம்; பிடிபட்டால் வீட்டோடு வேலையும் போகும். வேண்டாமென்றேன்.

மறுநாள் ஒப்பந்தக்காரரின் அலுவலகம் சென்றேன். நான் சேர்ந்த நாள், பணி, மாதச் சம்பளம், பணிபுரியும் ஆலை ஆகியவற்றைக் குறித்து, கையொப்பமும் முத்திரையும் இட்ட கடிதம் பெற்றேன். சம்பளம் வரவான வங்கிக் கணக்கையும், வருங்கால வைப்புநிதிக் கணக்கேட்டையும் உடன் வைத்தேன். அவ்வேட்டில் முதலாளியின் பெயரும் மாதந்தோறும் செலுத்திய தொகையும் இருக்கும். கடிதத்தை ஐயுறலாம், மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் ஐயுறுவதெப்படி? காகா சாவியைக் கொடுத்தார்.

நிற்க. சான்று தருவது நம் கடமையென்றால், ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது வீட்டுக்காரர் கடமை. 1999-ஆம் ஆண்டு மகாராட்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவாகவும் வேண்டும் என்கிறது. பதினொரு மாத ஒப்பந்தமும் இதற்கு விலக்கன்று. தவறினால் வீட்டுக்காரருக்குத் தண்டனையுண்டு. நிபந்தனைகளைப் பற்றி வழக்கு வந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, குடியிருப்பவர் சொல்லே ஏற்கப்படும். பதிவான ஒப்பந்தம் வங்கிக்கும் எரிவாயு இணைப்புக்கும் முகவரிச் சான்றாக உதவும். எனவே அதனைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்.

இன்னொன்று. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தொழிலாளிக்கு நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் தரவேண்டும் என்கின்றன. வேலையில் சேரும் நாளிலேயே, “என் முதலாளி யார்?” என்று கேளுங்கள், கடிதத்தைக் கையில் வாங்குங்கள். வீடு தேடும்போது அதற்காக ஓடுவது, வெள்ளம் வந்தபின் அணை போடுவதாகும்.

அம்மா வந்த அன்று அப்புதுவீட்டில் பால் காய்ச்சினோம். முதல் குவளை காகாவுக்கே கொடுத்தோம்.