சேற்றிலிருந்து தார் ரோட்டுக்கு

சைக்கிள் மிதித்தால் சம்பளம் கொடுப்பார்களா? எங்கள் வீட்டில் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஐரோப்பாவில் அது ஒரு முழுநேர வேலை. கம்பெனிகள் பணம் போட்டு அணி நடத்துகின்றன. ஓட்டுகிறவர்களுக்கு ஒப்பந்தம், சம்பளம் எல்லாம் உண்டு. அந்த வேலையைப் பார்த்த செக் நாட்டுக்காரர் ஸ்டெனெக் ஷ்டிபாரைப் பற்றி நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

1985-ல் பிறந்த இவர் பெயர் வாங்கியது சைக்ளோகிராஸில். சேறு, மணல், படிக்கட்டு என்று சுமார் ஒரு மணி நேரம் நடக்கிற குளிர்காலப் பந்தயம் அது. ஓட்ட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். சேறு அப்பிக்கொண்டால், ஓரத்தில் கழுவி வைத்திருக்கும் இன்னொரு சைக்கிளுக்கு மாறிக்கொள்ளலாம். இதில் 2010-ல் சொந்த நாட்டின் தாபோர் நகரத்திலும், 2011-ல் ஜெர்மனியிலும் உலகச் சாம்பியன் ஆனார்.

அதே 2011-ல் குயிக் ஸ்டெப் என்ற பெல்ஜிய சாலைப் பந்தய அணியில் சேர்ந்தார். நாம் டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. போகிற மாதிரிதான். இங்கே முதல் மார்க், அங்கே புதுசு. சாலைப் பந்தய அணியில் எல்லோரும் ஜெயிப்பதற்காக ஓட்டுவதில்லை. தலைவருக்கு முன்னால் காற்றை மறைத்து மிதிப்பதும், அவருக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுப்பதும்கூட வேலைதான். நாமக்கல் ரோட்டில் லாரிக்குப் பின்னாலேயே சைக்கிள் விட்டவர்களுக்கு விஷயம் புரியும் (தயவுசெய்து யாரும் செய்து பார்க்க வேண்டாம்). முன்னால் போகிறவர் எதிர்காற்றை வாங்கிக்கொள்வதால், பின்னால் வருகிறவருக்குச் சுமார் 30 சதவீதம் வரை சக்தி மிச்சமாகும்.

சரி, சேற்றுப் படிப்பு தார் ரோட்டில் எதற்கு உதவியது? பிரான்சில் பாரிஸ்-ரூபே என்று ஒரு நாள் பந்தயம் இருக்கிறது. 250 கிலோமீட்டருக்கு மேல். கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவெல்லாம் கிடையாது, சமவெளிதான். ஆனால் அதில் 50 கிலோமீட்டருக்கு மேல் பழைய காலத்துக் கல் பாவிய வண்டிப்பாதை. டயரில் காற்றைக் குறைத்துக்கொள்வார்கள். குறைந்த காற்று அதிர்ச்சியைத் தாங்கும், பிடிப்பும் கிடைக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் கை மரத்துப் போகும். சைக்கிளை அது போகிற போக்கில் கொஞ்சம் ஆடவிட வேண்டும். சேற்றில் பழகியவருக்கு இது கைவந்த கலை.

2013-ல் முதன்முதலாக இங்கே வந்தவர், முன்வரிசையில் போய்க்கொண்டிருந்தபோது ஓரத்தில் நின்ற பார்வையாளர் மேல் இடித்துத் தடுமாறி 6-வதாக முடித்தார். 2015-ல் 2-ம் இடம், ஜெயித்தவர் டீகன்கோல்ப். 2017-ல் மறுபடியும் 2-ம் இடம், ஜெயித்தவர் வான் ஆவர்மாட். இரண்டு முறையும் மைதானத்துக்குள் கடைசி ஓட்டத்தில்தான் போச்சு. இந்தப் பந்தயத்தை அவர் ஜெயிக்கவே இல்லை. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஆனாலும் 2015 அவருடைய வருஷம்தான். மார்ச்சில் இத்தாலியின் மண்ரோட்டுப் பந்தயம் ஸ்ட்ராடே பியாங்கேவை வென்றார். ஜூலையில் டூர் டி பிரான்ஸ் 6-ம் நாள், லெ ஆவ்ர் ஊரில் கடைசி ஏற்றம். அவருடைய அணியின் டோனி மார்ட்டின், அன்றைக்கு மஞ்சள் சட்டைக்காரர், விழுந்து காறை எலும்பு உடைந்தது. ஷ்டிபார் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரிந்து 2 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

நடுவில் 2014-ல் சைக்ளோகிராஸுக்குத் திரும்பி மூன்றாவது உலகப் பட்டத்தையும் வாங்கிவிட்டார். 2019-ல் பெல்ஜியத்தில் இரண்டு பெரிய வெற்றிகள். 2021-ல் இதயத்துடிப்புக் கோளாறுக்குச் சிகிச்சை. 2024 பிப்ரவரியில் தாபோரில் நடந்த உலக சைக்ளோகிராஸ் போட்டியை ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றார்.