வெள்ளி இரவு ‘சார்’, ஞாயிறு இரவு ‘அண்ணா’: போட்டோ டிரிப் நட்புகள் எப்படி உருவாகின்றன?

காலேஜ் முடித்து நான்கைந்து வருடங்கள் ஆனவர்களுக்கு ஒரு கேள்வி. உங்களுக்குக் கடைசியாகக் கிடைத்த புது நண்பர் யார்? ஆபீஸ் ஆட்களைச் சேர்க்காமல் சொல்லுங்கள்.

பலருக்கு உடனே பதில் வராது. ஸ்கூல் நண்பர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிஜி, வாடகை வீடு என்று மாறிக்கொண்டே இருப்பதால் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரிவதில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் வீக்எண்ட் போட்டோ டிரிப்கள் வருகின்றன. முன்பின் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வேனில் ஏறி, பறவைகளையும் விலங்குகளையும் படமெடுக்கப் போகிறார்கள். திரும்பி வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பறவைகளைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்வார்கள். கூட வந்தவர்களைப் பற்றி அரை மணி நேரம் சொல்வார்கள்.

இரண்டே நாளில் இது எப்படி நடக்கிறது? இந்த நட்பு நிலைக்குமா? இதில் கவனிக்க வேண்டியது என்ன?

அப்படி எங்கேதான் போகிறார்கள்?

கோடியக்கரையை எடுத்துக்கொள்வோம். நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்தைத் தாண்டி, நிலம் கடலுக்குள் மூக்கை நீட்டும் இடம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர். வெள்ளி இரவு கிளம்பினால் விடியலில் போய்ச் சேரலாம்.

வெளிமான்களைப் பாதுகாப்பதற்காக 1967-ல் இங்கே சரணாலயம் அமைக்கப்பட்டது. 2002-ல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரைகளும், தொலைதூரத்திலிருந்து வலசை வரும் சின்னச் சின்னக் கரைப்பறவைகளும் சதுப்பு நிலத்திலும் உப்பளங்களை ஒட்டிய நீர்ப்பரப்பிலும் இரை தேடும். புல்வெளியில் வெளிமான்களோடு மட்டக்குதிரைகளும் மேயும்.

ஆனால் இவை எதுவும் நாம் சொன்ன நேரத்துக்கு வந்து போஸ் கொடுக்காது. காத்திருக்க வேண்டும். நட்பின் கதையே அந்தக் காத்திருப்பில்தான் தொடங்குகிறது.

50 மணி நேரக் கணக்கு

நண்பராக எவ்வளவு நேரம் ஆகும்? அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், 2018-ல் வெளியான ஆய்வில் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். புது ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் அவர் ஆராய்ந்தார்.

தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பர் ஆக ஏறக்குறைய 50 மணி நேரம். நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். இன்னொன்றையும் அவர் கவனித்தார். வேலைக்காக ஒன்றாக இருக்கும் நேரம் நெருக்கத்தைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. சும்மா ஒன்றாகச் சுற்றுவதும் அரட்டை அடிப்பதும்தான் கூட்டுகின்றன. எட்டு மணி நேரம் பக்கத்து சீட்டில் உட்காரும் சக ஊழியர் ஏன் நண்பராவதில்லை என்பதற்கு இதில் கொஞ்சம் பதில் இருக்கிறது.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். ஒருவரை வாரம் ஒரு மணி நேரம் டீக்கடையில் சந்தித்தால், 50 மணி நேரம் சேரவே ஒரு வருடம் ஆகிவிடும். வெள்ளி இரவு பத்து மணிக்கு வேன் ஏறி ஞாயிறு இரவு பத்து மணிக்கு இறங்கினால் 48 மணி நேரம். தூக்கத்தைக் கழித்தாலும் முப்பது மணி நேரத்துக்கு மேல் மிஞ்சுகிறது. எட்டு மாத டீக்கடைச் சந்திப்பு இரண்டு நாளில் முடிந்துவிடுகிறது.

அப்படியானால் எந்த டூர் போனாலும் இதுதானே? ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் கேமரா டிரிப்பில் கூடுதலாகச் சில விஷயங்கள் இருக்கின்றன.

முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை

புது ஆட்களிடம் பேசுவதில் பெரிய சங்கடம், எதிரெதிரே உட்கார்ந்து “அப்புறம், சொல்லுங்க” என்று ஆரம்பிப்பதுதான். பறவைக்காகக் காத்திருக்கும்போது எல்லோர் கண்ணும் ஒரே திசையில் இருக்கிறது. பேசலாம். பேசாமலும் இருக்கலாம். ஒரு மணி நேரம் ஒன்றுமே பேசவில்லை என்றாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

பேசாமல் பக்கத்தில் இருந்தாலே போதுமா? யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். பக்கத்தில் இன்னொருவரும் அதே நேரத்தில் அதே சாக்லேட்டைச் சாப்பிடும்போது, அது கூடுதல் ருசியாக இருப்பதாகப் பங்கேற்றவர்கள் சொன்னார்கள். இத்தனைக்கும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கசப்பான சாக்லேட்டைக் கொடுத்தபோது கசப்பும் கூடியது.

ஆயிரம் பூநாரைகள் ஒரே நேரத்தில் எழும்பும்போது பக்கத்தில் நிற்பவரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். கொசுக்கடி, சேறு, ஆறிப்போன பொட்டலச் சாப்பாடு எல்லாமும் அப்படித்தான். தனியாக அனுபவித்தால் வெறும் எரிச்சல். பத்துப் பேராக அனுபவித்தால் அன்றைக்கு எரிச்சல் இன்னும் கூடலாம். ஆனால் ஆறு மாதம் கழித்துச் சொல்லிச் சிரிக்கக் கதை ஆகிவிடும்.

அடுத்து, கேட்காமல் முடியாது என்ற நிலை. ஒருவருக்கு பேட்டரி தீர்ந்துவிடும். இன்னொருவர் மெமரி கார்டை வீட்டு லேப்டாப்பிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார். கேமரா நன்றாகத் தெரிந்தவருக்குப் பறவையின் பெயர் தெரியாது. பறவை தெரிந்தவருக்கு ஷட்டர் ஸ்பீடு பிடிபடாது. ஐம்பது வயது பேங்க் மேனேஜர் இருபத்திரண்டு வயது காலேஜ் பையனிடம், “தம்பி, ஐஎஸ்ஓ எவ்ளோ வெச்சிருக்கீங்க?” என்று கேட்டே ஆக வேண்டும். வெளியே அவர்கள் வாழ்க்கையில் இந்த வரிசை தலைகீழ்.

இது அழைக்கும் விதத்திலேயே தெரியும். வேன் ஏறும்போது எல்லோரும் ‘சார்’, ‘மேடம்’. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் ‘அண்ணா’, ‘அக்கா’, ‘ப்ரோ’. ஞாயிற்றுக்கிழமை பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு வந்துவிடும்.

‘எந்த ஊரு?’ போய் ‘என்ன லென்ஸ்?’

நம்மூரில் புது ஆளிடம் முதலில் கேட்பது “எந்த ஊரு?”. அடுத்தது “ஊர்ல எந்தப் பக்கம்?”. இந்தக் கேள்விகள் கடைசியில் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். போட்டோ டிரிப்பில் முதல் கேள்வி வேறு. “என்ன லென்ஸ் யூஸ் பண்றீங்க?”

கேட்க நன்றாக இருக்கிறது. சாதியைத் தோண்டும் கேள்வி இல்லாத இடத்தில் உருவாகும் நட்புக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்கும் ஒரு ஏணி இருக்கிறது. பறவைப் புகைப்படத்துக்கான உயர்ரக லென்ஸ் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். வாடகைக்கு லென்ஸ் எடுத்து வருபவரும், மொபைலோடு மட்டும் வருபவரும் அதே வேனில்தான் இருப்பார்கள். பெரிய லென்ஸ்காரருக்கு முன்வரிசை, மற்றவர்கள் பின்னால் என்று ஆகிவிட்டால், நட்பு வேனின் முதல் இரண்டு சீட்டோடு நின்றுவிடும். நல்ல ஒருங்கிணைப்பாளர்கள் இடத்தைச் சுழற்சி முறையில் மாற்றிவிடுவது இதனால்தான்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘அக்கா’, ‘தங்கச்சி’ என்ற உறவுச்சொற்கள் கூச்சத்தை உடைக்கும். சில நேரம் அதே சொல், “தங்கச்சி, குடுங்க, நான் எடுத்துத் தர்றேன்” என்று கையிலிருக்கும் கேமராவையே வாங்கிக்கொள்ளும். சொல்லிக் கொடுப்பதும் பிடுங்கிச் செய்வதும் ஒன்றல்ல. கேட்டால் மட்டும் சொல்லிக் கொடுப்பது என்ற சின்ன வழக்கம் இருக்கும் குழுவில் பெண்கள் அடுத்த டிரிப்புக்கும் வருவார்கள்.

இது இன்றைக்கு வந்த பழக்கமா?

இல்லை. இயற்கைப் புகைப்படக்கலை நம் பக்கத்தில் வளர்ந்ததே மனிதர் மூலமாக மனிதருக்குத்தான். டி.என்.ஏ. பெருமாள் (1932-2017) நல்ல உதாரணம். பெங்களூரில் ஓ.சி. எட்வர்ட்ஸிடம் இந்தக் கலையைக் கற்றவர், பின்னாளில் பல இளம் புகைப்படக்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார். மறுபக்கம், மா. கிருஷ்ணன் (1912-1996) பல பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய ‘சூப்பர் பாண்டரோசா’ என்ற கேமராவோடு காடுகளில் திரிந்தவர்.

ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலில் 36 படம்தான். எடுத்தது சரியா என்று உடனே பார்க்க முடியாது. அதனால் தெரிந்தவரோடு போய் நின்று கற்பதுதான் வழி. இன்றைக்கு யூடியூபில் எல்லாமே இருக்கிறது. கற்றுக்கொள்ள ஆள் தேவையில்லை. ஆனாலும் ஆட்களைத் தேடிப் போகிறோம் என்றால், தேவைப்படுவது டெக்னிக் மட்டுமல்ல என்றுதானே அர்த்தம்?

நட்புக்கு வரும் நிஜமான சோதனை

இந்த நட்பில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதைத் தாங்க வேண்டியது நாம் அல்ல, பறவைகள்.

ஒருவர் நல்ல படத்துக்காகப் பூநாரைக் கூட்டத்தை நோக்கிப் பத்து அடி முன்னே போவார். அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு எல்லோரும். கூட்டம் எழும்பிப் பறக்கும். “செம ஷாட்!” என்பார்கள். இரை தேடிக்கொண்டிருந்த பறவைக்கோ அது வீணான பறத்தல். சாப்பிட வேண்டிய நேரமும் போச்சு, சேமித்த சக்தியும் போச்சு. ஒரே நாளில் நான்கு வேன் வந்தால்?

ஆள்காட்டி, உப்புக்கொத்தி போன்றவை திறந்த தரையிலேயே முட்டையிடும். முட்டையின் நிறம் மண்ணோடு மண்ணாகக் கலந்திருக்கும். ஒருவர் கூட்டைக் கண்டுபிடித்தால் பன்னிரண்டு பேரும் சுற்றி நிற்பார்கள். தாய்ப்பறவை வெளியே கத்திக்கொண்டிருக்கும். வெயிலில் முட்டை காயும். சரணாலயத்துக்கு உள்ளே என்றில்லை, வெளியே என்றாலும், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைக்கிறது.

இதெல்லாம் தெரிந்தவர் ஒருவராவது அந்தக் குழுவில் இருப்பார். ஆனால் நேற்றுதான் நட்பானவரிடம் “அண்ணா, போதும், திரும்பலாம்” என்று எப்படிச் சொல்வது? மூஞ்சியைக் காட்டுவாரோ, அடுத்த டிரிப்புக்குக் கூப்பிடாமல் விடுவாரோ என்று வாயை மூடிக்கொள்கிறோம். இரண்டு நாளில் உருவானது நட்பா, வெறும் கூட்டுக் குஷியா என்பது இங்கேதான் தெரியும். ஒருவர் சொல்லி மற்றவர்கள் கோபப்படாமல் கேமராவை இறக்கினால், அந்தக் குழுவை நம்பி இன்னொரு முறை போகலாம்.

திரும்பி வந்த பிறகு?

திங்கட்கிழமை வாட்ஸ்அப் குரூப்பில் இருநூறு படம் வரும். செவ்வாய்க்கிழமை ஐம்பது. இரண்டு வாரத்தில் ‘குட் மார்னிங்’ மட்டும் மிஞ்சும். இது யார் தப்பும் இல்லை. ஹாலின் கணக்குப்படி பார்த்தாலும், முப்பது மணி நேரம் என்பது தொடக்கம்தான். மீதி மணி நேரத்தைச் சேர்த்தால்தான் நட்பு நிற்கும்.

அதற்கு இன்னொரு பெரிய டூர் தேவையில்லை. அடுத்து சந்திக்கும் தேதி ஒன்று தேவை. சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணை, கோவைக்காரர்களுக்குச் சிங்காநல்லூர் குளம், நெல்லைக்காரர்களுக்கு நயினார்குளம் என்று பக்கத்திலேயே இடம் இருக்கிறது. 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பறவைகளைக் கவனித்து, ‘இ-பேர்ட்’ தளத்தில் பட்டியலைப் பதிவேற்ற வேண்டும். கேமராகூட வேண்டாம். மொபைலும் இரண்டு நண்பர்களும் போதும்.

முதல் டிரிப் கிளம்பும் முன்

* யார் நடத்துகிறார்கள், எத்தனை பேர், தங்கும் அறை யாரோடு என்பதை முன்பே கேளுங்கள். ஏற்கெனவே போய் வந்த ஒருவரிடம், முக்கியமாகப் பெண்கள் என்றால் போய் வந்த ஒரு பெண்ணிடம், பேசிவிடுங்கள்.
* பணக் கணக்கை முதல் நாளே தெளிவாக்குங்கள். வேன், தங்குமிடம், அனுமதிக் கட்டணம், சாப்பாடு என்று பிரித்து எழுதிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.
* புது லென்ஸ் வாங்காதீர்கள். இருப்பதோடு போங்கள். ஆசை நிற்கவில்லை என்றால் வாடகைக்கு எடுங்கள்.
* கூடு கண்டால் விலகுங்கள். பறவையை வரவழைக்க மொபைலில் குரலை ஓடவிடாதீர்கள். அரிய உயிரினம் என்றால் லொகேஷன் டேக் வேண்டாம்.
* டிரைவர் அண்ணனையும் சாப்பிடக் கூப்பிடுங்கள். எந்தக் கடையில் காலை நாலு மணிக்கு டீ கிடைக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. நாள் முழுக்க மற்றதையெல்லாம் எடுப்பவரின் கார்டில் அவர் படம் ஒன்றுகூட இருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவர் கண்ணை வியூஃபைண்டரில் வைத்து, சேற்றில் முழங்கையை ஊன்றி, உலகத்தையே மறந்து கிடப்பார். சத்தமில்லாமல் அவரை ஒரு படம் எடுத்து அனுப்பிவையுங்கள். குரூப்பில் போட வேண்டாம், தனியாக அனுப்புங்கள். பதில் கண்டிப்பாக வரும்.