தொழிலாளர் குடும்பமும் சட்ட ஞானமும்

பாலாற்றங்கரை ஜனங்களுக்கு நீதிமன்றம் புதிய இடமன்று. தோல் ஷாப்புகளின் கழிவு நீரால் நிலமும் கிணறும் கெட்டபொழுது, வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் உச்சநீதிமன்றம் வரை சென்று வழக்காடினர். கெடுத்தவனே ஈடு கொடுக்கவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் அங்கமே என்று 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி பிறந்த தீர்ப்பு, தேசம் முழுமைக்கும் வழிகாட்டியாயிற்று. ஊருக்காக இத்துணைப் பெரிய உரிமையை நிலைநாட்டிய பிரதேசத்திலே, தம் வீட்டிற்குரிய சிறிய உரிமைகளை அறியாமையால் இழக்கும் குடும்பங்கள் இருப்பதைக் காண நாம் வருந்துகிறோம்.

ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆடவரும் பெண்டிரும் நாள்தோறும் நெடுஞ்சாலை வழியே வந்து போகின்றனர். சாலையில் ஓர் உயிர் போனால், அழுகை ஓயுமுன் வாசலில் தரகன் வந்து நிற்கிறான். வெற்றுக் காகிதத்தில் கைநாட்டுக் கேட்கிறான். வரும் தொகையில் பங்கும் பேசுகிறான். வழக்கின் பலனில் வக்கீல் பங்கு பேசுவது வழக்கறிஞர் கழகத்தின் விதிகளுக்கே விரோதமானது. அங்ஙனமிருக்க, தரகனுக்கு ஏது பாத்தியதை?

சட்டம் சொல்வது இது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பிழை யாருடையது என்று ருசுப்படுத்தாமலே மரணத்திற்கு 5 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்திற்கு இரண்டரை லட்சமும் பெறலாம். எதிரியின் கவனக்குறைவை ருசுப்படுத்தினால், இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் கொண்டு அதிகத் தொகை கணக்கிடப்படும். மோதிய வண்டி இன்னதென்று தெரியாவிடினும், மரணத்திற்கு 2 லட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் உண்டு. விபத்து வெளியூரில் நேர்ந்திருந்தாலும், மனுதாரர் தாம் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். ஆனால் 2022 ஏப்ரல் 1 முதல் அமலான திருத்தம் ஆறு மாதக் கெடு விதித்துள்ளது. அவ்விதி செல்லுமா என்ற கேள்வி உச்சநீதிமன்றத்தின்முன் சென்றிருக்கிறது. எனினும் அதை நம்பி ஒருவரும் தாமதிக்கலாகாது. வேலைக்குச் செல்லும் வழியில் நேர்ந்த விபத்தும் வேலைக் காயமாகக் கருதப்படலாம் என்பதால், ஈ.எஸ்.ஐ. அலுவலகத்திற்கும் உடனே அறிவிக்கவேண்டும்.

தொகை வந்தபின் எழுவது பங்கின் கேள்வி. இந்துவாயின், உயிலின்றி இறந்தவரின் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமபங்கு உண்டு. மணமான மகளுக்கு ஒன்றுமில்லை என்பது பிழையான வார்த்தை. முஸ்லிமாயின், பிள்ளைகள் இருக்கையில் மனைவிக்கு எட்டில் ஒன்றும், தாய்க்கு ஆறில் ஒன்றும் சேரும்; வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்கிற்குமேல் உயில் எழுதுவதும் செல்லாது. பாங்கில் நாமினியாகப் பெயர் எழுதப்பட்டவர் பணத்தை வாங்கிக்கொள்ளலாமேயன்றி, அதனாலேயே சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இரு சாட்சிகளின் கையொப்பத்தோடு ஓர் உயில் எழுதி வைத்தால், பிற்காலத்துச் சச்சரவு பெரும்பாலும் ஒழியும்.

பங்கின் கேள்வியிலிருந்து விவாகத்தின் கேள்வி எழுகிறது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக்கொண்ட தீர்வைச் சீட்டை விவாகரத்து என்று நம்பி மறுமணம் செய்தவர்கள் உண்டு. சாதி வழக்கத்தை நீதிமன்றத்தில் ருசுப்படுத்தினாலொழிய, இந்துக்களிடை அச்சீட்டு விவாகத்தை முறிக்காது. முதல் மனைவியே சட்டப்படி விதவை; பின் வந்தவள், தன் பிழை யாதுமின்றியே, மனைவி என்ற பாத்தியதையை இழந்து நிற்பாள். முஸ்லிம்களிடை ஒரே மூச்சில் மும்முறை சொல்லும் தலாக்கும் செல்லாது என்பதோடு, 2019-ஆம் ஆண்டின் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

இவற்றையெல்லாம் கேட்டறியப் பணம் வேண்டுமோ? வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களும், தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் பழங்குடியினரும், ஆலைத் தொழிலாளரும் வருமானம் எவ்வளவாயினும் இலவச வக்கீலுக்கு உரியவர்கள். தோல் தொழிலை நம்பி வாழ்பவர்களில் பெரும்பாலோர் இவர்களே அன்றோ?

பொதுக்கூட்டம் கூட்டவும் துண்டுப் பிரசுரம் வழங்கவும் அறிந்த நம் ஊழியர்களை நாம் ஒன்று வேண்டுகிறோம். துக்க வீட்டிற்குத் தரகன் செல்லுமுன் நீங்கள் செல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிக் கொடுங்கள். விபத்து நடந்த தேதியையும் ஆறு மாதம் முடியும் தேதியையும் சுவரில் எழுதி வையுங்கள். அவ்வீட்டுப் பெண்ணைத் தாலுகா சட்டப் பணிகள் குழுவிற்கு அழைத்துச் செல்லுங்கள். உரிமை என்பது மேடையில் முழங்குவதோடு முடிவதன்று. ஏழையின் கையில் உரிய காலத்தில் சேர்ந்தாலன்றி அது உரிமையாகாது.