மழைக் கணக்கின் வடிவம்

2024 டிசம்பர் முதல் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலின் உக்கிரத்தால் புதுச்சேரியில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்ததை ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு நாளின் மழை, விஞ்ஞானிகளின் கணினிக் கோப்பில் எந்த ஸ்தானத்தில் அமர்கிறது என்பதைப் பார்ப்போம்.

இந்திய வானிலைத் துறை, 1901 முதல் நாள்தோறும் பெய்த மழையை, நாடெங்கும் உள்ள மழைமானிகளின் அளவுகளைக் கொண்டு, கால் டிகிரிக்கு ஒரு புள்ளியாகக் கணித்துத் தொகுத்திருக்கிறது. மேற்கிலிருந்து கிழக்கே 135 புள்ளிகள், தெற்கிலிருந்து வடக்கே 129 வரிகள். ஆக, ஒரு நாளைக்கு 17,415 எண்கள். கணினிக்கோ நீளமும் தெரியாது, அகலமும் தெரியாது. அதனுள் எல்லா எண்களும் ஒரே நெடுவரிசையாகவே கிடக்கின்றன. புதுச்சேரிக்கு மிக அண்மையிலுள்ள புள்ளி 23ஆம் வரியில் 54ஆவது. அதாவது, அன்றைய வரிசையில் 3,024ஆவது எண்.

வரிக்கு 135 எண்கள் என்பதை 129 என்று மாற்றிப் படித்துவிட்டால், அதே எண் 24ஆம் வரியில் 57ஆவதாகி, நம் ஊர் மழை வங்காள விரிகுடாவில் பெய்ததாக முடியும். தில்லி மழை பித்தோராகர் மலைப்பக்கம் போய்விடும். மொத்தச் சங்கியை மாறாததால் கணினி ஆட்சேபம் ஒன்றும் சொல்லாது என்பதுதான் இதிலுள்ள பேரபாயம்.

இதனாலேயே நெட்சிடிஎஃப், எச்டிஎஃப்5 போன்ற சேமிப்பு முறைகளில், எத்தனை பரிமாணங்கள், ஒவ்வொன்றின் அளவு என்ன என்பதை முதலிலேயே நிர்ணயித்து, எண்களோடு கூடவே கோப்பில் பொறித்து வைக்கிறார்கள். நாள் வளர்ந்துகொண்டே போவதால், காலப் பரிமாணத்துக்கு மட்டும் எல்லையின்மை அளிக்கலாம். 365 என்று கட்டிவிட்டால் லீப் வருஷத்தின் கடைசி நாளுக்கு இடமிராது. ஆனால் வளரும் வடிவத்தைத் துண்டு துண்டாகவே சேமிக்க இயலும். துண்டின் வடிவத்தையும் யோசித்தே தீரவேண்டும். நாளுக்கொரு துண்டாக வெட்டிவிட்டால், புதுச்சேரியின் நூறாண்டு மழையை மட்டும் கேட்பவருக்காகக் கணினி முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளைப் பிரித்தாக வேண்டும்!

நிலத்தடி நீரையும் கடலரிப்பையும் அளந்து வரும் நம் மாணவர்கள், முதல் எண்ணைப் பதிவதற்கு முன்பே பரிமாணங்களின் பெயர், கிரமம், அலகு ஆகிய மூன்றையும் கோப்பிலேயே எழுதிவிடுவார்களாக.